சிரித்துக்கொண்டே வந்தான் இர்ஷாத்

1

மல்லிச் செடிக்குள் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

எடுக்க வேண்டியவன் கிணற்றுக்குள் கிடந்தான்.

வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்கால். சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகும் சாலையில் அந்தப் பூந்தோட்டம். பூப்பறிக்க வந்த பெண்களில் ஒருத்தி முகம் கழுவலாம் என்று கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் வெள்ளையாய் ஒரு தெர்மோகோல் பெட்டி மிதந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முதுகு மிதந்தது.

அவள் போட்ட கூச்சலில் தோட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

ஆறரைக்கு இன்ஸ்பெக்டர் கருத்தப்பாண்டி வந்து சேர்ந்தார். ஐம்பத்தாறு வயது. சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றில் பிணம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் யாரும் சொன்னதில்லை. அவராகவே சொல்லிக்கொள்வார்.

கூட ஏட்டு மைதீன் பாட்சா.

தீயணைப்பு நிலைய ஆட்கள் உடலை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்மண்டையில் காயம். நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. காலில் ஷூ, லேஸ் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

பாட்சா அட்டையைத் துடைத்துப் படித்தார்.

"பேரு இர்ஷாத். வீடு கடையநல்லூர். பெங்களூர்ல ஏதோ நரம்பு ஆராய்ச்சி மையமாம் சார். அவங்களுக்காக இந்தப் பக்கமெல்லாம் ரத்தம் எடுக்குற வேலை."

"பெட்டியில என்ன இருக்கு?"

பாட்சா மூடியைத் திறந்தார். உருகிப்போன ஐஸ் பைகள். நடுவில் இரண்டு சின்ன டியூப்கள். இரண்டும் காலி.

ஒன்றில் கோமதிசங்கர் என்று ஸ்டிக்கர். இன்னொன்றில் சங்கரவடிவு.

"தோட்டக்காரர் பெருமாள்சாமியோட மகன் பேரும் சம்சாரம் பேரும் சார்," என்றார் பாட்சா. "பூ யாவாரி குடும்பம். எனக்குத் தெரியும்."

"காலி டியூப்பைத் தூக்கிக்கிட்டு இம்புட்டு தூரம் வந்து கிணத்துல விழுந்திருக்கான்... ஏன்வே?"

பாட்சா பதில் சொல்வதற்குள் மல்லிச் செடி மறுபடி அடித்தது.

போனைத் தேடி எடுத்தார்கள். டாக்டர் ஷமீரா என்று காட்டியது. அதற்குக் கீழே... முப்பத்தோரு மிஸ்டு கால்!

கருத்தப்பாண்டி காதில் வைத்தார்.

"இர்ஷாத், ராத்திரி முச்சூடும் போனை எடுக்காம எங்க போன? அவன்ட்ட சொல்லிட்டியா இல்லையா?"

"நான் சங்கரன்கோவில் இன்ஸ்பெக்டர் பேசுதேன்மா. யாருட்ட, என்ன சொல்லணும்?"



"இர்ஷாத்துக்கு என்ன ஆச்சு சார்?"

"இறந்துட்டாரும்மா. ஒரு கிணத்துல கெடந்தாரு."

"யார் வீட்டுக் கிணறு?"

விசித்திரமான கேள்வி. கருத்தப்பாண்டியின் புருவம் ஏறியது.

"பெருமாள்சாமின்னு ஒருத்தர் தோட்டம்."

போனுக்குள் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

"நான் இப்பவே கார்ல கெளம்புதேன் சார். எனக்கும் கடையநல்லூர்தான். சாயங்காலம் அங்கன இருப்பேன்."

"விஷயத்தை இப்பவே சொல்லலாமேம்மா."

"ஒருத்தரோட உடம்பைப் பத்தின ரகசியம். போன்ல சொல்லக் கூடாது. இர்ஷாத்தையும் அதுக்குத்தான் நேர்ல அனுப்பினேன்."

லைன் அறுந்தது.

2

பெருமாள்சாமியின் வீடு பூ மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் இருந்தது. வாசலில் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. ஒன்பது நாளில் கல்யாணம். மாப்பிள்ளை கோமதிசங்கர், ஒரே மகன், இருபத்தெட்டு வயது. பெண் வாசுதேவநல்லூர் ராஜகுமாரி.

கல்யாண வீட்டுக்கு உண்டான சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு மெஷின் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது.

கட்டிலில் பெருமாள்சாமி படுத்திருந்தார். முகத்தில் மாஸ்க். ஒரு காலத்தில் இரண்டு கையிலும் இரண்டு பூ மூட்டையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தவர். இப்போது அந்தக் கைகள் போர்வைக்கு மேலே யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தன.

"மோட்டார் நியூரான் நோய் சார்," என்றான் கோமதிசங்கர். "தசையை ஆட்டுற நரம்பு ஒவ்வொண்ணா செத்துப்போவும். மொதல்ல கை போச்சு. பொறவு காலு. பொறவு பேச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கு. கண்ணும் இருக்கு."

"ஏதாவது சொல்லணும்னா என்ன செய்வாரு?"

"அந்த எழுத்து அட்டை இருக்குல்லா. நான் அதுல விரலை நகத்துவேன். அவுகளுக்கு வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணைச் சிமிட்டுவாக."

கருத்தப்பாண்டி சுவரில் மாட்டியிருந்த அட்டையைத் தடவினார். விரலில் தூசி ஒட்டியது.

"இப்பல்லாம் பேசுறதில்லையோ?"

"கல்யாண வேலை சார். மூணு வாரமா உக்கார நேரம் இல்ல."

கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள் சங்கரவடிவு. பெருமாள்சாமியின் மனைவி. ஐம்பது வயது. பூ யாவாரி வீட்டுப் பொம்பளை, நாற்பது வருஷமாய்க் கட்டுகிற கை. ஆனால் முடிச்சு நிற்கவில்லை. ஒரு கண்ணி போட்டால் அடுத்த கண்ணிக்குள் முதல் கண்ணி அவிழ்ந்து பூ மடியில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"மூணு மாசமா இந்தக் கட்டைவிரல் வழங்க மாட்டேங்குய்யா. மாமாவைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைக்கேன்லா, அதுல சுளுக்கிக்கிட்டு."

"மாமான்னு வீட்டுக்காரரைச் சொல்லுதியளோ?"

"தாய்மாமனத்தான் கெட்டியிருக்கேன். எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி." சுவரில் மாலை போட்டிருந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். "அதுதான் எங்கம்மா."

கருத்தப்பாண்டி கோமதிசங்கரிடம் திரும்பினார்.

"இர்ஷாத்தை உமக்கு எப்படிப் பழக்கம்?"

"பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சோம் சார். சேக்காளி. அப்பாவுக்கு நோய் வந்ததும் அவன்தான் டாக்டரம்மாவைக் கூட்டியாந்து காட்டுனான்."

"நேத்து வந்தானா?"

"எனக்குத் தெரியாது. நான் மார்க்கெட்ல இருந்தேன். மத்தியானத் தொழுகைக்கு ஒளு செய்யக் கிணத்துல எறங்கியிருப்பான் சார். அந்தப் பக்கம் வந்தா எப்பவும் அங்கனதான் கை கால் கழுவுவான். படியெல்லாம் பாசி. வழுக்கியிருக்கும்."

"அவன் பெட்டியில ரெண்டு காலி டியூப் இருந்துச்சு. ஒண்ணுல உம்ம பேரு. ஒண்ணுல உங்கம்மா பேரு."

சங்கரவடிவின் கையிலிருந்து பூப்பந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"நாலு மாசத்துக்கு முன்ன எங்க மூணு பேருட்டயும் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்தான்," என்றான் கோமதிசங்கர். "மறுபடி எதுக்குன்னு எனக்கே தெரியல."

இர்ஷாத் வந்துபோனதைப் பற்றி அன்று காலை அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

கட்டிலில் பெருமாள்சாமியின் கண்கள் சிமிட்டின. நின்று, மறுபடி சிமிட்டின. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, சுவரில் இருந்த அட்டையைப் பார்த்து, மறுபடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தன.

"என்னமோ சொல்ல வாராரே?"

"தூசி விழுந்திருக்கும்." சங்கரவடிவு எழுந்து முந்தானையால் அந்தக் கண்களைத் துடைத்தாள். அவை ஓயும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

3

அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இர்ஷாத்தின் உம்மா ஜுலைகா பீவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிற போகிறவர்களிடம் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை நோன்பு பிடிப்பான் எம் மவன். விடியுமுன்ன சஹருக்கு ரெண்டே ரெண்டு இட்லிதான் தின்னான். இன்னும் ஒண்ணு வையுதேன்னு சொன்னேன், போதும்மான்னுட்டான். வெறும் வயித்தோட போயிட்டானே சார்."

கருத்தப்பாண்டி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நேத்து எதுக்கு சங்கரன்கோவில் வந்தான்மா?"

"சேக்காளிக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேம்மான்னான். வண்டியில ஏறும்போதே சிரிச்ச மொகம். அவன்ட்ட சொல்லிட்டு வாசுதேவநல்லூர்ல ஒரு நோயாளியப் பாத்துட்டு நோன்பு தொறக்க வந்துருதேன்னான்."

"நல்ல சேதியா?"

"அப்படித்தான் சொன்னான்."

ஜீப்பில் ஏறியதும் பாட்சா வாயைத் திறந்தார்.

"சார், எனக்கு ஒண்ணு உறுத்துது. ஒளுன்னா என்னன்னு தெரியும்லா?"

"தொழுகைக்கு முன்னாடி கை, மூஞ்சி, காலு எல்லாம் கழுவுறது."

"காலு சார்... காலு. ஷூவை மாட்டிக்கிட்டு ஒருத்தன் ஒளு செய்ய எறங்குவானா? மொதல்ல ஷூவைக் கழட்டி மேல வைப்பான். பொறவுதான் படியில காலை வைப்பான். இவன் காலுல ரெண்டு முடிச்சுப் போட்ட லேஸ் அப்படியே கெடக்கு."

கருத்தப்பாண்டி ஏட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன நாளு உம்மை டீ வாங்க அனுப்பி வீணடிச்சிருக்கேன்வே."

"பரவாயில்ல சார். டீயும் நல்லாத்தான் வாங்குவேன்."

பத்து மணிக்கு மார்க்கெட்டில் விசாரித்தார்கள். வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கே கோமதிசங்கர் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மூன்று மணிக்கு போன் கம்பெனியிலிருந்து விவரம் வந்தது. வியாழன் பன்னிரண்டு இருபதுக்கு இர்ஷாத் கோமதிசங்கரைக் கூப்பிட்டிருக்கிறான். இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறான். அவன் வாழ்க்கையில் கடைசியாய்ப் பேசிய போன்.

"நல்ல சேதி சொல்ல வந்தவனை எவனாவது கொல்லுவானா பாட்சா?"

"சேதி என்னன்னு தெரிஞ்சிருந்தா கொல்ல மாட்டான் சார்."

4

சாயங்காலம் நாலரை. அதே அறை. அதே மெஷின் சத்தம்.

"ஒளு செய்யப் போனவன் ஷூவைக் கழட்டலையே, ஏன்லே?" என்றார் கருத்தப்பாண்டி. காலையில் இருந்த மரியாதை இப்போது குரலில் இல்லை.

கோமதிசங்கர் வாசல் பக்கம் பார்த்தான்.

"பன்னிரண்டரைக்குக் கடையைப் பூட்டிட்டு எங்க போன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் ஆத்தா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கா. புள்ள வெறும் வயித்தோட போயிட்டான்னு பொலம்புதா. போய் அவகிட்ட சொல்லுதியா, வழுக்கி விழுந்துட்டான்னு?"

அவ்வளவுதான். கோமதிசங்கர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சின்னப் பிள்ளை போல முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"தள்ளிட்டேன் சார்."

"ஏலே!" சங்கரவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்ன, அம்மா வீட்டுல இல்லாத நேரம் வந்தான், இந்தக் கட்டில் பக்கத்துல நின்னுதான் பேசுனான். சொல்லக் கூடாது, ஆனாலும் நீ என் சேக்காளி, சொல்லுதேன்னான். என் ரத்தத்துலயும் அப்பாவுக்கு இருக்குற மாதிரியே இந்த நோயைக் கொண்டுவார ஆர்.என்.ஏ. இருக்காம். இருந்தா வந்தே தீரும்னு இல்லலே, ஆனா வரலாம்னான். வந்தா எனக்கு எத்தனை வருஷம்லேன்னு கேட்டேன். வந்த பொறவு மூணு நாலு வருஷம்னான்."

அவன் கட்டிலைப் பார்க்காமலே கட்டிலைக் கை காட்டினான்.

"அன்னைலருந்து எங்கப்பா மூஞ்சியப் பாக்க முடியல சார். பாத்தா நான் கெடக்குற மாதிரியே இருக்கு. அந்த அட்டையைத் தொடவே இல்ல. அவுக கண்ணைக் கண்ணைச் சிமிட்டுவாக. நான் வெளிய ஓடிருவேன்."

"அதுக்கு அவனை ஏன் தள்ளுன?"

"ராஜகுமாரிட்ட சொல்லிருன்னான். கெட்டிக்கிட்டு வாரவளுக்குத் தெரியணும், நீ சொல்லலேன்னா நானே போய்ச் சொல்லுவேன்னான். சத்தியமா மனசு வரல சார். ஒரு வருஷமாவது அவகூட மனுஷனா வாழ்ந்துட்டுப் பொறவு சொல்லிக்கலாம்னு இருந்தேன். நேத்து போன் பண்ணுதான். ஒரு விஷயம் நேர்ல சொல்லணும், தோட்டத்துக்கு வா, சொல்லிட்டு நான் வாசுதேவநல்லூர் போணும்னான். ராஜகுமாரி ஊரு. கல்யாணத்துக்குப் பத்து நாளு இருக்கு. என்னன்னு நெனைப்பேன் சார் நான்?"

வாசுதேவநல்லூரில் வேறு ஒரு நோயாளி இருந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கிணத்து மேட்டுல நின்னேன். பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். சிரிச்சான் சார்... சிரிச்சுக்கிட்டே வந்தான். என் வாழ்க்கை நாசமாப் போவுது, இவன் சிரிக்கான்னு தோணுச்சு. வாயைத் தொறந்தான். தொறக்கதுக்குள்ள தள்ளிட்டேன்."

பாட்சா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் இர்ஷாத் வயதில் ஒரு மகன் உண்டு.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

5

டாக்டர் ஷமீராவுக்கு நாற்பது வயது இருக்கும். பத்து மணி நேரக் கார்ப் பயணத்தில் முகம் வெளிறிப்போயிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த கோமதிசங்கரையும் அவன் கையைப் பிடித்திருந்த பாட்சாவையும் பார்த்தார். எதுவும் கேட்காமலே புரிந்துகொண்டார்.

"அவனைப் பேச விடலையா?" என்றார்.

கோமதிசங்கர் தலையை ஆட்டினான்.

ஷமீரா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன சொல்ல வந்தான் டாக்டர்?" கருத்தப்பாண்டி கேட்டார்.

"உடம்புல ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு சார். மரபணுவுலருந்து சேதி எடுத்துட்டுப் போயிப் புரதம் செய்யச் சொல்லும். ஆனா எல்லா ஆர்.என்.ஏ.வும் புரதம் செய்யாது. சிலது வெறும் மேஸ்திரி. எதைச் செய்யணும், எதை நிறுத்தணும்னு அதட்டுறது மட்டும்தான் அதுக்கு வேலை. அந்த வகையத்தான் நான் ஆராய்ச்சி பண்ணுதேன்."

"இவங்க வீட்டு நோய்க்கும் அதுக்கும்?"

"பெருமாள்சாமி அண்ணாச்சிக்கு ஒரு மரபணுவோட குறியீட்டுல அதே ஆறெழுத்து நூத்துக்கணக்குல திரும்பத் திரும்ப வந்திருக்கு. அதுலருந்து பொறக்குற ஆர்.என்.ஏ. நரம்பு செல்லுக்குள்ள முடிச்சு முடிச்சா தங்கிரும். மத்த வேலையெல்லாம் அதுல சிக்கிக்கிடும். செல்லு செத்துரும். பரம்பரையா வாரது. அதனாலதான் வீட்டுல எல்லார் ரத்தமும் எடுத்தோம். கோமதிசங்கர்னு எழுதியிருந்த டியூப்புலயும் அந்த முடிச்சு இருந்துச்சு."

"அதத்தான் இவன்ட்ட சொல்லிட்டானாமே."

"சொன்னது தப்பு. ஆராய்ச்சி முடிவை அவன் யாருட்டயும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு நடந்திருக்கு சார்." ஷமீரா கண்களைத் துடைத்தார். "புதன்கிழமை எல்லாத்தையும் கடைசியாச் சரிபாத்தேன். பொம்பளை உடம்புல ரெண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும். அதுல ஒண்ணை வேலை செய்யாம மூடி வைக்கணும். மூடி வைக்கிறதும் புரதம் செய்யாத ஒரு ஆர்.என்.ஏ.தான். எக்ஸிஸ்ட்னு பேரு. ஆம்பளை ரத்தத்துல அது இருக்காது."

"சரி."

"கோமதிசங்கர்னு எழுதியிருந்த டியூப்புல அது நெறைய இருந்துச்சு."

கருத்தப்பாண்டி மெதுவாக நிமிர்ந்தார்.

"சங்கரவடிவுன்னு எழுதியிருந்த டியூப்புல அது இல்லவே இல்ல."

அறைக்குள் மெஷின் மட்டும் மூச்சு விட்டது.

"ரெண்டும் மாறியிருக்கு சார். கோமதிசங்கர் ரத்தம் சுத்தமா இருக்கு. அந்த முடிச்சு இவனுக்கு இல்ல. அதைச் சொல்லத்தான் இர்ஷாத்தை அனுப்பினேன். உறுதி செய்ய மறுபடி ரெண்டு பேருட்டயும் ரத்தம் எடுத்துட்டு வரச் சொன்னேன். சந்தோஷத்துல ஓடுனான் சார் அவன். என்னால என் சேக்காளி மூணு வாரமாத் தூங்கலை, நானே போய்ச் சொல்லுதேன்னு அடம் பிடிச்சான்."

கோமதிசங்கரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, வார்த்தையும் இல்லை.

"டியூப் எப்படி மாறுச்சு?" என்றார் கருத்தப்பாண்டி. "இர்ஷாத் தப்பா ஒட்டிட்டானா?"

"இருக்காது. அவன் அதுல ரொம்பக் கவனம்."

கட்டிலில் கண்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன. வேகமாய். நிற்காமல்.

கருத்தப்பாண்டி அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். கட்டிலில் உட்கார்ந்து எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தினார். அவருக்குப் பழக்கம் இல்லை.

வ... சிமிட்டல்.

டி... சிமிட்டல்.

வு... சிமிட்டல்.

எல்லோரும் சங்கரவடிவைப் பார்த்தார்கள்.

"ஆமாய்யா," என்றாள் அவள். "நான்தான் மாத்துனேன். இந்த மாமா பாக்கத்தான் மாத்துனேன். அவுக வாயி பேசாதுன்னு தைரியம். மவன் கல்யாணம் நின்னுரும், அட்டையிலயும் சொல்லிராதியன்னு கேட்டுக்கிட்டேன்."

"ஏம்மா?" என்றான் கோமதிசங்கர்.

"ரத்தம் எடுத்து முடிச்சுட்டு அந்தத் தம்பி பள்ளிவாசலுக்குத் தொழப் போச்சு. மூணு டியூப்பும் இந்த ஸ்டூல் மேல இருந்துச்சு. அப்பதான் உனக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருந்தோம். தகப்பன் நோவு மவனுக்கும் இருக்குன்னு பேப்பர் வந்துட்டா எவன் பொண்ணு குடுப்பான்? நான் வேற வயித்துல பொறந்தவ. இந்த நோவு ஆம்பளை வழியிலதான வரும், என் ரத்தம் சுத்தமாத்தான இருக்கும்... அதை உம்பேருல வச்சா உனக்கு நல்ல பேப்பர் வரும்னு ஸ்டிக்கரை உரிச்சு மாத்தி ஒட்டிட்டேன்."

"ஆம்பளை வழின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?" ஷமீராவின் குரல் உடைந்தது.

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுவாக. நான் வெளியிலருந்து வாக்கப்பட்டு வந்தவதான..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட படம். பெருமாள்சாமியின் அக்கா. அவளைப் பெற்றவள்.

"எங்கம்மா நாலு வருஷம் கை கால் வழங்காமக் கெடந்தா," என்றாள் மெல்ல. "வாதம்னாக."

ஷமீரா எழுந்து வந்து அவள் வலது கையைப் பிடித்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் என்னமோ துடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

"நீங்க வெளியிலருந்து வரலம்மா."

சங்கரவடிவு தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

சிரித்தாள்! முகமெல்லாம் சிரிப்பு. சங்கரநாராயணா, கோமதித் தாயே என்று கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வலது கை இடது கையோடு சேர மாட்டாமல் சரிந்தது. கும்பிட்டபடியே திரும்பினாள். மகனின் கையைப் பிடித்திருந்த ஏட்டின் கை கண்ணில் பட்டது. அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

"நான் அந்த ஸ்டிக்கரைத் தொடாம இருந்திருந்தா அந்தத் தம்பி வீட்டுல நோன்பு தொறந்திருக்கும். எம் புள்ள மாப்பிள்ளையாயிருப்பான். ரெண்டு பேரையும் நானே கொன்னுட்டேன்யா."

கோமதிசங்கர் தரையில் தவழ்ந்து கட்டிலருகே வந்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தகப்பனின் கண்ணைப் பார்த்தான்.

"சொல்லணும் சொல்லணும்னு தவிச்சியளேப்பா. நான் ஒரு நாளு உக்காந்திருந்தா போதுமே. ஒரே ஒரு நாளு."

பெருமாள்சாமியின் கண்கள் மறுபடி அட்டையைத் தேடின. இந்த முறை மகனே விரலை நகர்த்தினான். எழுத்து எழுத்தாய் வந்தது. நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவளுக்கு யாரு?

அவ்வளவுதான் கேட்டார்.

சோறு ஊட்ட, தூக்கி உட்கார வைக்க, அட்டையில் விரலை நகர்த்த... அவளுக்கு யார்? கோமதிசங்கர் அப்பாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கை அவன் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஷமீரா வெளியே போய்விட்டார். அவர் இன்னும் கடையநல்லூர் போக வேண்டும். அங்கே ஜுலைகா பீவியிடம் மகன் கொண்டுபோன நல்ல சேதி என்னவென்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று காரில் யோசித்துக்கொள்ளலாம்.

ஆறு மணிக்கு ஜீப் கிளம்பியது. வாசலில் கிடந்த பந்தல் மூங்கிலைத் தாண்டித்தான் ஏற வேண்டியிருந்தது. பூ மார்க்கெட் முனை திரும்பியதும் கோமதிசங்கர் வாயைத் திறந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இர்ஷாத்திடம் கேட்ட அதே கேள்வி.

"எனக்கு எத்தனை வருஷம் சார்?"

கருத்தப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"டாக்டர்ட்ட கேட்டா ஆயுசு பூரான்னு சொல்லுவாக. ஜட்ஜ்ட்ட கேட்டாலும் அதையேதான் சொல்லுவாருலே."